வெளிநாட்டில் இருந்துகொண்டே இலங்கைப் பொலிஸ் ரிப்போர்ட் எடுப்பது எப்படி: மலையகத்து ஆட்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தோஹாவில் ஏழு வருடம் வேலை செய்துவிட்டு கனடாவுக்கு விண்ணப்பித்தபோது என்னை ஆக அதிகமாக அலைய வைத்தது பொலிஸ் ரிப்போர்ட்தான், அதாவது நம் மேல் குற்றப் பதிவு உண்டா இல்லையா என்று காட்டும் பொலிஸ் கிளியரன்ஸ் சான்றிதழ். என் மேல் வழக்கு எதுவும் கிடையாது, பொலிஸ் ஸ்டேஷன் படி ஏறியதே அடையாள அட்டை தொலைந்தபோது ஒரு தடவை மட்டும். மாட்டிக்கொண்டது முகவரியில். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன் நான். விண்ணப்பத்தில் தோட்டத்தின் பெயரையும் ஹட்டன் என்பதையும் மட்டும் எழுதிவிட்டு, பொலிஸ் ஸ்டேஷன் என்று கேட்ட இடத்திலும் ஹட்டன் என்றே போட்டுவிட்டேன். சின்ன வயதிலிருந்து எந்த ஊர் என்று யார் கேட்டாலும் ஹட்டன் என்றுதானே சொல்லிப் பழக்கம். எங்கள் தோட்டம் வேறு ஸ்டேஷனுக்குக் கீழே வருகிறது என்பது, ஹட்டன் ஸ்டேஷன் விசாரித்துப் பார்த்து, இப்படி ஒருவர் இங்கே இல்லை என்று பதில் அனுப்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆறு வாரம் போய்விட்டது. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்ற முறையில் அழைப்பு வந்தால் எல்லாக் காகிதங்களோடும் விண்ணப்பம் போட 60 நாள்தான் தருகிறார்கள், அதில் ஆறு வாரம் என்றால் யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு தங்கைக்கு, கூட வேலை செய்தவர்களுக்கு, ஊர்ப் பிள்ளைகளுக்கு என்று நிறையப் பேருக்கு இந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். வீட்டு இலக்கமும் தெருப் பெயரும் உள்ள ஆட்களுக்கு இது லேசான வேலை. லயத்து முகவரி உள்ள நமக்கு, விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டியவை இருக்கின்றன. அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

யார் கொடுப்பது, யார் கேட்பது

இந்தச் சான்றிதழைக் கொடுப்பது கொழும்பு 1இல் உள்ள பொலிஸ் தலைமையகத்தின் கிளியரன்ஸ் பிரிவு. நம்ம ஊர் ஸ்டேஷனில் எழுதித் தரும் கடிதம் வேறு, இது வேறு. ஊர் ஸ்டேஷன் பொறுப்பதிகாரி (ஓ.ஐ.சி.) கையெழுத்துப் போட்ட கடிதத்தை வெளிநாட்டு விசாவுக்கு அனுப்பி வீணாகக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் இலங்கையில் இருந்த காலத்தில் உங்கள் மேல் குற்றப் பதிவு ஏதும் உண்டா என்று தலைமையகம் பதிவுகளில் பார்க்கும், நீங்கள் கொடுத்த முகவரிகளுக்குரிய ஸ்டேஷன்களிடமும் கேட்கும். அந்த ஸ்டேஷன் பதில் அனுப்பினால்தான் வேலை நகரும். தாமதம் பெரும்பாலும் நடப்பது அங்கேதான்.

கேட்கும் விதம் நாட்டுக்கு நாடு வேறு. கனடா கடைசி 10 வருடத்தில், 18 வயதுக்குப் பிறகு, தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டுக்கும் கேட்கும். அவுஸ்திரேலியா கடைசி 10 வருடத்தில் மொத்தமாக 12 மாதம் இருந்த நாடுகளுக்குக் கேட்கும், 16 வயதிலிருந்து கணக்கு. பிரித்தானியா எல்லா விசாவுக்கும் கேட்பதில்லை, சுகாதாரம், கல்வி, பராமரிப்பு மாதிரியான வேலைகளுக்குப் போகிறவர்களிடம்தான் கேட்கும்.

எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். அவுஸ்திரேலியா சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் ஏற்றுக்கொள்ளும். கனடாவுக்கு, இப்போது நீங்கள் வாழும் நாட்டுச் சான்றிதழ் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். விட்டு வந்த நாடு என்றால், அங்கே கடைசியாக வாழ்ந்து முடித்த பிறகு எடுத்ததாக இருந்தால் சரி. அதாவது நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள் என்றால் இலங்கை ரிப்போர்ட்டை அழைப்பு வரும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே எடுத்து வைக்கலாம். எனக்கு இது அப்போது தெரிந்திருந்தால் அந்த 60 நாளில் தூக்கம் கெட்டிருக்காது.

முதலில் பெயர்

ஒரு மேசையில் உங்கள் கடவுச்சீட்டு, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெளிநாட்டில் இருந்தால் வீட்டில் சொல்லி வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இப்போது மூன்றிலும் உங்கள் பெயரை எழுத்து எழுத்தாக வாசியுங்கள்.

நம்ம பக்கத்தில் மூன்றும் ஒத்துப்போவது அபூர்வம். பிறப்பைப் பதிந்தவர் சிங்களத்தில் கேட்டு எழுதியிருப்பார், அதை இன்னொருவர் ஆங்கிலத்துக்கு மாற்றியிருப்பார். சிவகுமார் என்ற பெயரில் நடுவில் வரும் 'வ'வுக்கு ஒரு காகிதத்தில் வீ இருக்கும், இன்னொன்றில் டபிள்யூ இருக்கும். லெட்சுமி ஒன்றில் டி, சி, எச் போட்டு வரும், கடவுச்சீட்டில் கே, எஸ், எச் போட்டு லக்ஷ்மியாக நிற்கும். அப்பாவின் பெயர் ஒன்றில் முழுதாக முன்னால் இருக்கும், ஒன்றில் வெறும் இனிஷியலாக இருக்கும், ஒன்றில் இருக்கவே இருக்காது.

விண்ணப்பத்தில் எழுத வேண்டியது கடவுச்சீட்டில் உள்ள பெயர், அதே எழுத்து, அதே வரிசை. விசா அதிகாரி ஒப்பிட்டுப் பார்ப்பது அதைத்தான். மற்றக் காகிதங்களில் ஓரிரு எழுத்து வித்தியாசம் என்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம், அடையாள அட்டை இலக்கம் ஒன்றாக இருந்தால் ஆள் ஒன்றுதான் என்பது தெரியும். ஆனால் பெயரே வேறு ஆளின் பெயர் மாதிரி இருந்தால், இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி முடித்து கையில் வைத்திருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இதை நம்ம தூதரகத்தில் கேட்டுச் செய்யலாம்.

அடையாள அட்டை இலக்கத்திலும் ஒரு விஷயம். பழைய அட்டையில் ஒன்பது எண்ணும் கடைசியில் ஒரு எழுத்தும் இருக்கும், புதியதில் 12 எண். புதிய அட்டை எடுத்திருந்தால் அந்தப் 12 எண்ணை எழுதுங்கள், கடவுச்சீட்டில் பழைய எண் இருந்தால் இரண்டு அட்டையின் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லை என்றால், 1960க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம். பிறந்தது மஸ்கெலியா, அக்கா இருப்பது கொழும்பில் என்றால் அக்கா கொழும்பிலேயே எடுத்துவிடுவார்.

முகவரி: இங்கேதான் நேரம் செலவழியுங்கள்

நம்ம தோட்டங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கும், நம்ம ஆட்கள் கூப்பிடும் தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும், சிங்களத்தில் எழுதும்போது மூன்றாவதாக ஒன்று வரும். அதே தோட்டத்துக்குள் மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு, தொழிற்சாலைப் பிரிவு என்று மூன்று நான்கு டிவிஷன். ஒரு டிவிஷனில் பத்துப் பதினைந்து லயம். ஒரு லயத்தில் இரண்டு ராமையா, மூன்று லெட்சுமி. தோட்டப் பெயரை மட்டும் எழுதினால் விசாரிக்க வருகிற பொலிஸ்காரர் யாரைத் தேடுவார்?

நான் இப்போது எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கும் வரிசை இது: காம்பரா (லயத்தில் உங்கள் வீடு) இலக்கம், லயத்தின் இலக்கம், டிவிஷன் பெயர், தோட்டத்தின் பதிவுப் பெயர், தபால் நிலையம், தபால் குறியீடு. ஹட்டன் என்றால் 22000, உங்கள் தபால் நிலையத்துக்கு வேறாக இருக்கலாம், அதைப் பாருங்கள். காம்பரா இலக்கம் எதுவும் சுவரில் இல்லையே என்பீர்கள். அம்மாவையோ அப்பாவையோ தோட்ட ஆபீஸில் கிளாக்கர் ஐயாவிடம் கேட்கச் சொல்லுங்கள், தோட்டப் புத்தகத்தில் ஏதாவது ஒரு இலக்கம் இருக்கும். வாக்காளர் பட்டியலிலும் இருக்கும், கிராம உத்தியோகத்தரிடம் அந்தப் பட்டியல் உண்டு. அங்கே எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், நீங்களாக அழகுபடுத்த வேண்டாம்.

கிராம உத்தியோகத்தரிடம் போகிறபோதே இன்னும் மூன்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரும் இலக்கமும், பிரதேச செயலகப் பிரிவு, தோட்டம் எந்தப் பொலிஸ் ஸ்டேஷனுக்குக் கீழே வருகிறது என்பது. இந்த மூன்றாவதுதான் என்னை ஆறு வாரம் உட்கார வைத்தது. பஸ் போகிற டவுன் ஒன்று, ஸ்டேஷன் இன்னொன்று என்பது மலையகத்தில் சர்வ சாதாரணம். ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, வட்டவளை எல்லாவற்றுக்கும் தனித்தனி ஸ்டேஷன், எல்லை ஒரு ஆற்றிலோ ஒரு மலை முகட்டிலோ போகும். பிரதேச செயலகமும் அப்படித்தான். நுவரெலியா மாவட்டத்தில் முன்பு ஐந்து பிரதேச செயலகங்கள் இருந்தன, பிறகு பிரித்து நோர்வூட், தலவாக்கலை என்று புதியவை வந்தன. உங்கள் பழைய காகிதம் எல்லாவற்றிலும் அம்பகமுவ என்று இருக்கும், இப்போது கேட்டால் நோர்வூட் என்பார்கள். இப்போதுள்ளதை எழுதுங்கள்.

குடும்பம் லயத்தை விட்டு ஏழு பேர்ச்சஸ் காணியில் இந்திய வீடமைப்புத் திட்ட வீட்டுக்குப் போயிருந்தால் இரண்டு முகவரியும் எழுத வேண்டும், எந்த வருடம் வரை லயத்தில், எந்த வருடத்திலிருந்து புது வீட்டில் என்று. ஒரே தோட்டத்துக்குள்தானே என்று ஒன்றை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது கொழும்பு. நம்ம பிள்ளைகளில் பாதிப் பேர் சாதாரண தரம் முடித்ததும் புறக்கோட்டையில் கடையிலோ, வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையிலோ இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டுத்தான் வெளிநாடு போகிறோம். கடை மாடியில் படுத்திருந்தாலும் அது நீங்கள் வசித்த முகவரி. அதை மறைத்து அந்தக் காலத்தையும் தோட்டத்தில் இருந்ததாக எழுதினால், விசா விண்ணப்பத்தில் வேலை அனுபவமாக அந்தக் கடையைக் காட்டும்போது இரண்டும் முட்டிக்கொள்ளும். கடை முதலாளிக்கு முன்கூட்டியே ஒரு கோல் எடுத்து, இப்படி விண்ணப்பிக்கிறேன், யாராவது கேட்டால் சொல்லுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். கடை மூடிவிட்டது என்றால் பக்கத்துக் கடைக்காரர் யாராவது உங்களை ஞாபகம் வைத்திருப்பார், அவர் பெயரைக் குறித்து வையுங்கள்.

வீட்டாரைத் தயார் செய்யுங்கள்

இதை யாருமே சொல்வதில்லை. ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க வீட்டுக்கு வரலாம், அல்லது கோல் எடுத்து வீட்டில் ஒருவரை வரச் சொல்லலாம். என்னுடைய இரண்டாவது விண்ணப்பத்துக்கு ஒரு மாலை நேரம் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். அம்மா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி, கொழுந்துப் பையை வாசலில் வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார். காக்கி உடுப்பைக் கண்டதும் என் மகனுக்கு என்ன ஆனது என்று அழுதுவிட்டார். லயத்து ஆட்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். வந்தவர்கள் சிங்களத்தில் கேட்டது ஒன்றும் அம்மாவுக்கு விளங்கவில்லை, மகன் எத்தனை வருடமாக இங்கே இல்லை என்ற கேள்விக்கு, எனக்கு இங்கே வேறு மகன் இல்லை என்று சொல்லியிருக்கிறார். கடைசிக் காம்பராவில் இருந்த அண்ணன் ஒருவர் வந்து பேசியதால் அன்றைக்குத் தப்பியது.

அம்மாவிடம் ஒரு வார்த்தை முன்னமே சொல்லியிருந்தால் அவர் அழுதிருக்க மாட்டார். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அதனால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். விண்ணப்பம் போட்ட அன்றே வீட்டுக்கு கோல் எடுத்து, விசாவுக்காக பொலிஸ் வந்து விசாரிப்பார்கள், பயப்பட ஒன்றும் இல்லை என்று நிதானமாகச் சொல்லுங்கள். ஒரு தாளில் உங்கள் முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்த வருடம் எந்த நாட்டுக்குப் போனீர்கள், விண்ணப்ப இலக்கம் எல்லாவற்றையும் பெரிதாக எழுதி, அடையாள அட்டைப் பிரதியோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். சிங்களம் பேசத் தெரிந்த ஒருவரின் ஃபோன் இலக்கமும் அதில் இருக்கட்டும். தமிழில் வாக்குமூலம் கொடுக்க நமக்கு உரிமை உண்டு, நுவரெலியா, அம்பகமுவ எல்லாம் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. விளங்காத காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று வீட்டில் உறுதியாகச் சொல்லி வையுங்கள்.

விண்ணப்பம் போடுவது

இவ்வளவும் கையில் இருந்தால் மீதி வேலை அரை மணி நேரம். இலங்கைப் பொலிஸின் சொந்த இணையத்தளத்தில், பொலிஸ் டொட் எல்கே என்ற முகவரியில், கிளியரன்ஸ் விண்ணப்பத்துக்கான பகுதி இருக்கிறது. தேடும்போது முதலில் வரும் ஏஜென்ட் தளங்களில் உங்கள் கடவுச்சீட்டை ஏற்றிவிடாதீர்கள். ஒன்லைன் சரிவராதவர்கள் தாங்கள் இருக்கும் நாட்டில் உள்ள நம்ம தூதரகம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம்.

கடவுச்சீட்டின் விபரப் பக்கம், அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் கலரில் ஸ்கேன் செய்து வையுங்கள், பிறப்புச் சான்றிதழும் தயாராக இருக்கட்டும். ஃபோனில் எடுத்தால் வெளிச்சம் பட்டு எழுத்து மறையாமல் பாருங்கள், மங்கலான படத்துக்காகவே திரும்பி வருவதுண்டு. எந்த நாட்டுக்கு, எதற்காக என்று கேட்கும், விசா விண்ணப்பத்தில் உள்ளதையே எழுதுங்கள். காலப்பகுதி கேட்கும் இடத்தில், விசாவுக்குத் தேவையான வருடங்களுக்குள் நீங்கள் இலங்கையில் இருந்த காலம் முழுவதும் இடைவெளி இல்லாமல் வர வேண்டும். நடுவில் லீவில் வந்து மூன்று மாதம் நின்றிருந்தால் கடவுச்சீட்டு முத்திரையைப் பார்த்து அதையும் சரிபாருங்கள்.

கட்டணம் கார்ட் மூலம் கட்டலாம். கட்டி முடிந்ததும் வரும் இலக்கத்தை உடனே ஸ்கிரீன்ஷொட் எடுத்து, வீட்டுக்கும் அனுப்புங்கள். அந்த இலக்கத்தை வைத்துத்தான் விண்ணப்பம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பிறகு பார்க்கலாம். இரண்டு மூன்று வாரம் ஆகியும் நகரவில்லை என்றால், வீட்டில் ஒருவர் அந்த இலக்கத்தோடு ஊர் ஸ்டேஷனுக்குப் போய், விசாரணைக் கடிதம் வந்திருக்கிறதா என்று பணிவாகக் கேட்கட்டும். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சீக்கிரம் எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்கிற தரகர் யாராக இருந்தாலும் ஒதுக்குங்கள், போலிச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனால் தண்டனை உங்களுக்குத்தான்.

சான்றிதழ் எந்த முகவரிக்கு வர வேண்டும் என்பதையும் யோசித்து எழுதுங்கள். தோட்டத்துக்கு வரும் கடிதம் தோட்ட ஆபீஸில் இறங்கி, அங்கிருந்து யார் கையிலோ டிவிஷனுக்கு வந்து சேர நாளாகும், சில நேரம் வந்து சேராமலும் போகும். டவுனில் நம்பிக்கையான ஒரு கடையோ உறவினர் வீடோ இருந்தால் அந்த முகவரியைத் தபாலுக்குக் கொடுங்கள். வசித்த முகவரி வேறு, தபால் முகவரி வேறு, இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்ப வேண்டாம்.

பழைய வழக்கு ஏதும் இருந்தால்

திருவிழாவில் நடந்த கைகலப்பு, சம்பளப் போராட்டத்தில் ரோட்டை மறித்ததற்கு ஒரு வழக்கு, இப்படி நம்ம ஆட்கள் சிலருக்கு இருக்கும். மறைக்காதீர்கள். நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு என்றால் தீர்ப்பின் சான்றுப்படுத்திய பிரதியை எடுத்து, மொழிபெயர்த்து, என்ன நடந்தது என்று ஒரு பக்கத்தில் நேராக எழுதிக் கொடுங்கள். விடுதலையான வழக்கோ சின்ன அபராதமோ விசாவைக் கெடுக்காமல் போகலாம், பொய் நிச்சயம் கெடுக்கும். கனடாவில் பொய்த் தகவலுக்கு ஐந்து வருடத் தடை, அவுஸ்திரேலியாவில் மூன்று வருடம்.

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு

இலங்கை ரிப்போர்ட் மட்டும் போதாது, வேலை செய்த நாட்டினதும் வேண்டும் என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் கேள்விப்படுகிறார்கள். அந்த நாட்டில் இருக்கும்போது எடுப்பது லேசு, கட்டாரில் என்றால் அந்த நாட்டு அரசின் மெட்ராஷ் செயலியிலேயே விண்ணப்பிக்கலாம். இலங்கைக்குத் திரும்பி வந்த பிறகு எடுப்பது என்றால் பெரும்பாலும் கைவிரல் அடையாளம் பதிந்து, அதை பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவிலும், பிறகு கொழும்பில் உள்ள அந்த நாட்டுத் தூதரகத்திலும் உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டி வரும். ஆகவே கிளம்பும் முன் அந்த நாட்டு அடையாள அட்டை, விசா ஒட்டிய பக்கம், வேலை ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். வீட்டு வேலைக்குப் போன அக்காமார் பலரிடம் கடவுச்சீட்டுக்கூட முதலாளி கையில்தான் இருக்கும், எப்போதாவது அது கைக்கு வருகிற நேரத்தில் ஒரு படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பி வைத்தால் போதும், பிறகு பெரிய உதவியாக இருக்கும்.

சான்றிதழ் வந்ததும் உறையைப் பிரித்தவர் அந்த இடத்திலேயே பெயர், கடவுச்சீட்டு இலக்கம், காலப்பகுதி மூன்றையும் உங்களுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டட்டும். பிழை இருந்தால் அன்றைக்கே கிளியரன்ஸ் பிரிவுக்கு அறிவியுங்கள், விசாவுக்கு அனுப்பிய பிறகு திருத்துவது பெரும் பாடு. முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் கலரில் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் ஒன்று, டவுன் கொமியூனிகேஷன் கடைகளில் பாதுகாப்புக்கு என்று லேமினேட் செய்து தருவார்கள். செய்ய விடாதீர்கள், பின்னால் எந்த அலுவலகமாவது அதில் முத்திரை குத்த வேண்டி வந்தால் அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் குத்த முடியாது.